பாஞ்சாலி வீட்டுக்குப் போகும் குடங்கள்

பொம்மிடியில் ஒகேனக்கல் தண்ணீர் விடுகிற நாளில் கலைவாணனைப் பார்க்கலாம். சைக்கிள் கேரியரின் இருபுறமும் குடங்களைக் கட்டித் தள்ளிக்கொண்டு போவான். அவன் வீடு குழாய்க்கு எதிரிலேயே இருக்கிறது. குடங்கள் போவது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பாஞ்சாலி வீட்டுக்கு. "கட்டின பொண்டாட்டிக்கு ஒரு கொடம் தூக்கினதில்ல" என்று குழாயடியில் கேலி பேசுவார்கள். அவன் மனைவி யுவராணியும் அதைக் கேட்டுச் சிரிப்பாள். அவளுக்குக் காரணம் தெரியும்.

அவன் நிலக்கரி யார்டில் சூப்பர்வைசராக இருந்தவன். கூட்ஸ் வண்டியில் வரும் கரியைக் குவித்து, லாரிகளில் ஏற்றி ஆலைகளுக்கு அனுப்புகிற இடம் அது. தூசி பறக்காமல் குவியலை நனைப்பது, லாரிக்குத் தார்ப்பாய் கட்டவைப்பது, கரியைக் கழுவிக்கொண்டு ஓடும் தண்ணீரைத் தொட்டியில் தேக்கித் தெளியவைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. தொட்டியில் சேறு நிறைந்துவிட்டது என்று மேனேஜர் மதியழகனிடம் கோடை முழுக்கச் சொன்னான். "பாக்கலாம்பா" என்பார் அவர். ஒரு ஜேசிபி வந்தால் தீர்கிற வேலை. பார்க்கத்தான் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஐப்பசி மழையில் தொட்டி வழிந்தது. கறுப்புத் தண்ணீர் ஓடையில் இறங்கி, கரையில் இருந்த பாஞ்சாலியின் கிணற்றுக்குள்ளும் போனது. சில நாளில் கலங்கல் தெளிந்து, மேலே பார்க்கச் சுத்தமாகத் தெரிந்தது.

பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை அவ்வப்போது சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது யார்டுக்கு விதி. அந்த முறை பாட்டிலை நீட்டிய மதியழகன், "ரிசல்ட் நல்லா வரணும். இல்லைன்னா யார்டை மூடிருவாங்க, எல்லாரும் வூட்டுக்குப் போவலாம்" என்றார். கலைவாணன் தன் வீட்டெதிர்க் குழாயில் பாட்டிலை நிரப்பி, பாஞ்சாலி கிணறு என்று எழுதி ஒட்டினான்.

பயத்தில் ஒன்றை மறந்துவிட்டான். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் புளோரைடு அதிகம். ஒருவர் வாயைத் திறந்தாலே எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்று பல்லின் பழுப்புக் கறையிலேயே தெரிந்துவிடும். அதனால் கிணற்றுத் தண்ணீரை மாட்டுக்கும் துணிக்கும் விட்டுவிட்டுக் குடிக்க மட்டும் ஒகேனக்கல் குழாய்க்கு நடப்போம். பாஞ்சாலியும் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். அந்தத் தண்ணீரால் நாற்பது வயதுக்குள் முட்டி வலியும் வந்துவிட்டது. புருஷன் மாது பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான், குடம் தூக்க வேறு ஆள் இல்லை.

ரிசல்ட்டில் கரியும் இல்லை, புளோரைடும் இல்லை. ஒரு நகல் பாஞ்சாலிக்கும் போனது.

அதன்பிறகு குழாயடி வரிசையில் அவள் குடத்தைக் காணோம். ஊருக்குப் போயிருப்பாள் என்று கலைவாணன் நினைத்தான். பக்கத்து வீட்டு நிர்மலாதான் விஷயத்தைச் சொன்னாள்.

"அவங்க கெணத்துலயே நல்ல தண்ணி வந்துருச்சாமா. இனிமே எதுக்கு இம்மா தூரம் நடக்கறாங்க?"

அவன் உண்மையைச் சொல்ல உடனே போயிருக்க வேண்டும். வேலை போய்விடுமே என்று நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். மதியழகனை மனசுக்குள் அத்தனை திட்டியவன், தானும் அதையேதான் செய்தான்.

கடைசியில் தூக்கம் கெட்டு, அவள் வாசலில் போய் நின்றபோது, பாஞ்சாலி சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். "குடிச்சிப் பாரு தம்பி, நம்ம கெணத்துத் தண்ணி. கனிமொழியும் இதத்தான் குடிக்குது." அவள் மகள் கனிமொழி வாசலில் நின்று சிரித்தாள். முன்பற்கள் விழுந்திருந்தன. ஓரத்தில் புதுப் பல் ஒன்று அப்போதுதான் வெளியே தெரிந்தது.

"அக்கா, அந்த பாட்டில்ல இருந்தது உங்க கெணத்துத் தண்ணி இல்லீங்க. கொழாத் தண்ணிய நாந்தான் புடிச்சி ஊத்தினேன்."

பாஞ்சாலிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மகளைத் திரும்பிப் பார்த்தாள். கலைவாணன் சொம்பை வாய்க்குக் கொண்டுபோனான். தானும் குடித்தால் பாவம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தானோ என்னவோ. அவள் அதைப் பிடுங்கி மண்ணில் கொட்டினாள்.

"நீ குடிச்சா எம்பொண்ணு குடிச்சது இல்லைன்னு ஆயிருமா? போய் பாட்டில எடுத்துட்டு வா. நானே மொண்டு ஊத்தறேன்."

அந்தப் பாட்டிலை அவனே சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய், முன்பு செய்ததையும் சொல்லிவிட்டு வந்தான். பிறகு ஜேசிபி வந்தது, தொட்டியைத் தூர் வாரினார்கள். யார்டை யாரும் மூடவில்லை. அவனை மட்டும் வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொன்னார்கள். இப்போது தக்காளி லோடு ஏற்றப் போகிறான்.

குழந்தை குடித்தது கொஞ்ச நாள்தான், ஒன்றும் இல்லாமலும் போகலாம், இனி முளைக்கிற பற்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அதிலிருந்துதான் இந்தக் குடம் சுமப்பு. பாஞ்சாலி வேண்டாம் என்றதும் இல்லை, உள்ளே வா என்றதும் இல்லை. அவன் வாசலில் குடத்தை இறக்கும்போது கனிமொழி ஓடிவந்து சிரிப்பாள். அவன் பல்லைப் பார்ப்பான்.