சிவப்பு மை சாரைக் கம்ப்யூட்டருக்கு ஊட்டிய கதை

பேக்கிங் மெஷின் செய்யும் அந்தக் கம்பெனியில் அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் சிவப்பு மை சார். சின்ன இன்ஜினியர்கள் வரைந்துகொண்டு வரும் டிராயிங்கைச் சரிபார்ப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தாளைக்கூட அவர் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. ஓரக்கோடு மெலிதாக இருக்கிறது, எழுத்து சின்னதாக இருக்கிறது, தேதியைத் தப்பான மூலையில் போட்டிருக்கிறாய் என்று சிவப்பில் சுழித்துத் தள்ளுவார். வரைந்த பிள்ளையை மூன்று தடவையாவது அலையவிட்டால்தான் அவருக்கு மதியச் சாப்பாடு இறங்கும்.

கீழே மெஷின் பூட்டுகிற கூடத்துக்கு மட்டும் போகமாட்டார். தரையெல்லாம் எண்ணெய். சட்டை பாழாகிவிடும்.

கம்பெனிக்கு ஏ.ஐ. வந்தது. என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்டால் போதும், டிராயிங்கை அதுவே போட்டுத் தந்தது. வரைகிற பிள்ளைகள் ஆறு பேரில் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்தது நாம்தான் என்று சிவப்பு மை சாருக்குப் புரிந்துவிட்டது. மகளுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. யாரும் கூப்பிடாமலே மேனேஜர் அறைக்குள் போய் நின்றார்.

“வரையறதுக்கு அது இருக்கு சார். அதைச் சரிபார்க்க? நான் சுழிச்ச தாள் மொத்தமும் அலமாரியில பத்திரமா இருக்கு. அத்தனையும் அதுக்குப் படிக்கக் கொடுத்தா என்னை மாதிரியே ஒண்ணு தயாராயிடும். அதை மேய்க்க நான் இருக்கேன்.”

மேனேஜருக்கு டிராயிங் தெரியாது, ‘தயாராயிடும்’ என்ற சொல் பிடிக்கும். முதல் ஆர்டர் நல்லபடியாகப் போனால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் அந்த நாலு பேரோடு ஐந்தாவது ஆள் என்று சொல்லிவிட்டார்.

தாள்களை எல்லாம் ஸ்கேன் செய்து ஊட்டினார்கள். மூன்றாம் வாரம் கம்ப்யூட்டர் வாயைத் திறந்தது: ‘ஓரக்கோடு மெலிதாக உள்ளது. கவனம் போதாது.’ அச்சாக அவரே! சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இனிமே நான் செத்தாலும் வேலை பார்த்துட்டே இருப்பேன்” என்றார் மனைவியிடம்.

“அப்ப சம்பளம் யாருக்குங்க வரும்?” என்றாள் அவள்.

ஒரு ஏ.ஐ. வரைந்தது, இன்னொன்று திட்டியது, முதலாவது திருத்தியது. எல்லாம் ஒரு நிமிடத்தில். சார் ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தினார், ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

எட்டு மெஷின் கொண்ட அந்த முதல் ஆர்டர் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, கீழேயிருந்து மெஷின் பூட்டும் ஃபிட்டர் அக்கா போன் செய்தாள்.

“சார், கொஞ்சம் கீழ வாங்க.”

“போன்லயே சொல்லும்மா.”

“சொன்னாப் புரியாது சார். கையை விட்டாத்தான் புரியும்.”

பேன்ட்டைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கிப் போனார். மெஷினுக்குள் ஒரு மூலையில் நாலு போல்ட். அக்கா ஸ்பேனரை நீட்டினாள். சார் கையை விட்டார். விரல் முட்டி தகட்டில் இடித்துத் தோல் உரிந்தது. ஸ்பேனர் இம்மியும் திரும்பவில்லை.

“இடமே இல்லையேம்மா!”

“காலையிலேருந்து அதைத்தான் சார் கத்திட்டிருக்கேன். எட்டு மெஷினுக்கும் தகடு வெட்டியாச்சு.”

“இதுக்கு முன்னாடி இப்படி வந்ததே இல்லையே?”

“வராம என்ன, மாசம் ரெண்டு வரும். வரைஞ்ச புள்ளைங்க இங்க ஓடி வந்து, என்கிட்ட கேட்டு மாத்திட்டுப் போயிடுவாங்க. உங்க காதுக்கு வராது. வந்தா மறுபடி மூணு தடவை அலையவிடுவீங்களாமே.”

சாருக்கு முகம் செத்துப்போயிற்று.

மேலே மேனேஜர் காத்திருந்தார். “உங்களை மாதிரியே இருக்கும்னீங்க. இதை ஏன் அது பிடிக்கல?”

கம்ப்யூட்டரைக் குறை சொல்லலாம். ஆனால் அதன் வயிற்றில் இருந்தது முழுக்க அவர்தான். “என்னை மாதிரிதான் சார் இருக்கு. நானும் இதையெல்லாம் பார்த்ததில்ல.”

மேனேஜர் யோசித்தார். இரக்கத்தால் அல்ல. “அந்த ஏ.ஐ.யை வாங்கினது முதலாளி. அது தப்புப் பண்ணிடுச்சுன்னு அவர்கிட்ட நான் போய்ச் சொல்ல முடியுமா? நீங்க பண்ணீங்கன்னு சொல்லலாம். இதுக்குன்னு ஒரு ஆள் அவசியம் வேணும்.”

இப்படியாக வேலை நிரந்தரமாயிற்று. பதவி ‘பொறுப்பாளர்’. ஒவ்வொரு டிராயிங்கிலும் அவர் கையெழுத்து. எது பிசகினாலும் அவர் தலை.

மறுநாள் நாற்பது தாள் வந்தது. பேனா நகரவில்லை. தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு கீழே போய், அக்கா பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏம்மா, இதுல எல்லாம் கை போகுமான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு முதல் தாளை வாங்கினாள். “பார்க்கிறேன். ‘சரிபார்த்தவர்’ங்கிற இடத்துல என் பேரையும் போடுவீங்களா?”

சார் தாளின் மூலையைப் பார்த்தார். “கட்டம் ஒண்ணுதாம்மா இருக்கு.”

“அப்ப நீங்களே பாருங்க” என்று தாளைக் கட்டின் மேல் வைத்து, அதன் மேல் ஸ்பேனரையும் வைத்துவிட்டு, அவள் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டாள்.