அம்மா வந்திருக்காக

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் எனக்கு மூன்று தடவை கைதட்டல் விழுந்தது. நான் எண்ணினேன். மேடை ஏறுகிற எல்லோரும் எண்ணுவார்கள். நான் ஒப்புக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அம்மை குத்திக்கொள்வதைக் கட்டாயமாக்கியது சரியா, தப்பா? மூன்று வாரத்துக்கு முன் இதே பத்திரிகையில் இதே இடத்தில் 'சரி, நூறு தடவை சரி' என்று எழுதினேன். அன்றிலிருந்து எங்கள் தபால்காரர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை... அத்தனை கடிதங்கள்! செம்பூர் வாசகர் ஒருவர், 'என் மனைவியின் கையைப் பிடிக்க ஒரு கான்ஸ்டபிளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?' என்று பச்சை இங்க்கில் கேட்டிருந்தார். வடாலாவிலிருந்து ஓர் அம்மணி, கான்ஸ்டபிள் போதாது, மிலிட்டரியைக் கூப்பிட வேண்டும் என்றார். நேரிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் பேட்டைச் சங்கத்தார் ஒரு ஹாலைப் பிடித்து, மைக் கட்டி, மீட்டிங் போட்டுவிட்டார்கள்.

எதிர்த்தரப்பில் சாம்பமூர்த்தி. ரிடையரான ஹெட் கிளார்க். எலுமிச்சம்பழமும் பட்டினியும் இருந்தால் எந்த வியாதியும் கிட்டே வராது என்கிற கட்சி.

"சர்க்கார் உங்களோடதா இருக்கலாம் ஓய். தோள்பட்டை என்னோடது!" என்று மேஜையைத் தட்டினார். சபையில் நல்ல சிரிப்பு.

நான் விடுவேனா? "தோள் உம்மோடதுதான். அதுலேர்ந்து பக்கத்தாத்துக் குழந்தைக்குத் தாவறதே வியாதி, அது யாரோடது?" என்றேன். முதல் கைதட்டல் அதற்கு. இரண்டாவது எதற்கு என்று இப்போது ஞாபகமில்லை. மூன்றாவது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"தாராவிக்கு நானே வாலண்டியரா போயிருக்கேன். கதவு கதவாத் தட்டிக் கேட்டிருக்கேன். ஒருத்தராவது நிஜத்தைச் சொல்லணுமே! மறைப்பா... வாயையே திறக்க மாட்டா. கட்டாயப்படுத்தாம என்ன பண்றது?"

ஹால் அதிர்ந்தது.

ஒலிபெருக்கி ஒன்றை வாசல் கேட்டிலும் கட்டியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

வெளியே வந்தால் முப்பது பேர் நிற்கிறார்கள். தாராவியிலிருந்து ரயில் பாலத்தைத் தாண்டி நடந்தே வந்தவர்கள். ஒரு அட்டையில் 'கையைப் புடிச்சுக் குத்தாதே' என்று கரியால் எழுதிப் பிடித்திருந்தார்கள். ஒரு விதத்தில் சாம்பமூர்த்தியின் கட்சிதான். ஆனால் இவர்களையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கலாமே என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார்.

"நாங்க பொய் சொல்லுதமோ? எவம்லே அது, மைக்குல பேசுனது?" என்று ஒருவன் முன்னால் வந்தான்.

அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. நாலு மாதம் இருக்கலாம்.

"ஏய், அவுகளை ஏசாதீக. இவுக நல்லவுக. எங்க வீட்டு வாசல்ல நின்னு அம்மாவைக் கும்பிட்டுட்டுப் போனவுக" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "என்ன சார், என்னைத் தெரியலையா? நான் பேச்சியம்மா" என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரை, எப்போது கும்பிட்டேன்?

கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது.

போன வருஷக் கோடை. தாராவியில் அம்மை பரவிக்கொண்டிருந்தது. அம்மை குத்துகிற குழுவுக்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒரு டாக்டர், குத்துகிறவர் சாவந்த், இரண்டு கான்ஸ்டபிள்கள், நான். சாவந்த் கையில் முள் வைத்த சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். தோளில் வைத்து ஒரே திருகு. குழந்தைகள் போடுகிற சத்தம் அடுத்த சந்துவரை கேட்கும்.

பேச்சியம்மாள் இருந்த சந்தில் எங்களை உள்ளேயே விடவில்லை. பெண்கள் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கு முன் வந்த வேறொரு குழு, குளித்துக்கொண்டிருந்தவளைக்கூட விடாமல் கையைப் பிடித்து இழுத்ததாம். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிற ஆண்களுக்குத் தோள் வீங்கி, நாலு நாள் தோலைத் தூக்க முடியவில்லையாம். அதோடு, அம்மா இருக்கிற தெருவில் ஊசி குத்தினால் அவளுக்குக் கோபம் வரும் என்ற பயம் வேறு; அதை அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு மணி நேரம் வாய்ச்சண்டை. கடைசியில் டாக்டர் ராஜிக்கு வந்தார். இன்று எல்லோருக்கும் குத்த வேண்டாம். வியாதி கண்ட வீட்டிலும் அதன் அக்கம்பக்கத்திலும் மட்டும் குத்துவோம். மற்றவர்கள் தாங்களாக வரட்டும்.

ஆக, என் வேலை ஒரே ஒரு கேள்வி. "ஆத்துல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" பதிலை நான் சாவந்திடம் இந்தியில் சொல்வேன். அவர் கதவில் சாக்பீஸால் ஒரு குறி போடுவார். உடம்பு சரியில்லை என்றால் பெருக்கல் குறி, ஒன்றுமில்லை என்றால் வட்டம்.

பேச்சியம்மாள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றாள். இந்தக் கைக்குழந்தை அப்போது பிறக்கவில்லை. வயிறு தெரியவும் இல்லை. பின்னால் நின்ற கான்ஸ்டபிளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அம்மா வந்திருக்காக."

நான் மாட்டுங்காவிலேயே பிறந்தவன். என் அப்பா பாலக்காட்டிலிருந்து வந்தவர். எங்கள் வீட்டில் அந்த வியாதிக்கு வைசூரி என்று பெயர். அதையும் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். 'வந்திருக்காக' என்று மரியாதையாக ஒரு பெண் சொன்னால் எனக்கு என்ன தோன்றும்? ஊரிலிருந்து வயதான தாயார் வந்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

"அப்படியா? எப்போ வந்தா?"

"முந்தாநேத்து."

"ரொம்ப நல்லது. பத்திரமாப் பாத்துக்கோங்கோ. நான் விசாரிச்சேன்னு சொல்லுங்கோ."

சொல்லிவிட்டு, உள்ளே இருட்டில் படுத்திருக்கிற பெரியவளுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று கைகூப்பி ஒரு கும்பிடும் போட்டேன். அன்று முழுக்க ஏச்சு வாங்கியதில், இங்கே ஒரு வீட்டில் நாலு வார்த்தை நல்லதாகப் பேச முடிந்ததே என்று எனக்குச் சந்தோஷம்கூட.

சாவந்த் என்னைப் பார்த்தார். "க்யா போலி?" என்ன சொன்னாள் என்கிறார்.

"மா ஆயி ஹை, காவ் ஸே" என்றேன். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறாள்.

கதவில் வட்டம் போட்டுவிட்டுப் போனோம்.

இப்போது ஹால் வாசலில் அவள் அதே நாளைத் தன் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள், என்னிடம் அல்ல, தன் ஆட்களிடம். "கேட்டாக. நான் மறைக்கலை. போலீஸ்காரன் நிக்கான், ஆனாலும் அம்மாவை இல்லைன்னு சொல்லலாமா? சொல்லிட்டேன். இவுக உடனே கையெடுத்துக் கும்பிட்டாக. பத்திரமாப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டு, அந்த மராட்டிக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாக. படிச்சவுக, அவுகளே அம்மாவுக்கு அம்புட்டு மரியாதை குடுத்தாகளே!"

"உள்ளே யாருக்கு...?" என்று கேட்டேன்.

"மூத்தவ வள்ளிக்கு. ஏழு வயசு. பொழச்சுக்கிட்டா. மொகம் பூராம் தழும்பு, அது கெடக்கு." குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "ரெண்டாவது ஒரு பய இருந்தான், சம்முகம். ரெண்டு வயசு. அவன் நல்லாத்தான் இருந்தான். நீங்க வந்துட்டுப் போயி பதினஞ்சு நாளு கழிச்சு அவனுக்குப் போட்டுது. அவளைக் குடுத்துட்டு அவனை எடுத்துக்கிட்டா."

பதினைந்து நாள். வியாதி ஒட்டி மூன்று நாலு நாளுக்குள் குத்திவிட்டால் தப்பிக்கலாம் என்கிற கணக்கு என்னைப்போல் மேடையில் பேசுகிறவனுக்கு மனப்பாடம். அன்றைக்கு சாவந்த் உள்ளே போயிருந்தால் அந்த இரண்டு வயதுப் பையனின் தோளில் சக்கரத்தை வைத்து ஒரு திருகு திருகியிருப்பார். அவன் தெரு அதிர அழுதிருப்பான். அனேகமாகப் பிழைத்தும் இருப்பான்.

ஏன் போகவில்லை? அவள் மறைத்தாளா? இல்லை. அவள் சொன்னாள். வாசலில் வேப்பிலை இருந்திருந்தால் என் மண்டைக்கும் எட்டியிருக்கும். ஆனால் கான்ஸ்டபிள்கள் வருகிறார்கள் என்ற பயத்தில் சந்து முழுக்க அன்று காலையே வேப்பிலையை அவிழ்த்துவிட்டார்கள் என்று இப்போது வந்திருந்தவர்களில் ஒருவர் சொன்னார். நாங்கள் பயமுறுத்தியதில் அடையாளம் போயிற்று. மிச்சம் இருந்தது அவள் வாய்வார்த்தை ஒன்றுதான்.

அந்த வார்த்தையை நான் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால்கூடப் போதும் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. மராட்டியில் அந்த வியாதியைத் தேவி என்கிறார்கள். இந்தியில் மாதா. 'மா ஆயி ஹை' என்று சொல்லி வாயை மூடியிருந்தேனானால் சாவந்துக்கு அந்த நிமிஷமே புரிந்திருக்கும். நான்தான் என் சாமர்த்தியத்தில் இரண்டு வார்த்தை சேர்த்தேன். 'காவ் ஸே.' அவள் சொல்லாத ஊர், அவள் சொல்லாத ரயில், அவள் சொல்லாத ஒரு தாயார்.

பேசாமல் வந்திருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். அவள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். செத்த பிள்ளையை அம்மா எடுத்துக்கொண்டாள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டுவிட்டாள். இதைக் கலைத்து யாருக்கு என்ன லாபம்?

ஆனால் அவள் இடுப்பில் இன்னொன்று இருந்ததே. என் சட்டைப் பொத்தானைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. தோள் மழமழவென்று இருந்தது.

"இவனுக்குக் குத்தியாச்சா?"

"ஐயய்யோ, குத்துவனா சார்? நீங்க அன்னிக்குக் கும்பிட்டதைப் பாத்த பொறவு, குத்தி அவளைக் கோவப்படுத்தக் கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். மூன்று கைதட்டல் வாங்கிய வாய் அது. நாலு வாக்கியம் கோர்வையாக வரவில்லை. "எனக்கு அன்னிக்குப் புரியலைம்மா. நான் கும்பிட்டது அம்மாவை இல்லை. உங்களைப் பெத்த அம்மா ஊர்லேர்ந்து வந்திருக்கான்னு நினைச்சேன். அதையேதான் அவர்கிட்டேயும் சொன்னேன். அவர் உள்ளே வந்திருந்தார்னா... சின்னவனுக்குக் குத்தியிருப்பார். தப்பு என்னோடது. இவனுக்காவது குத்திடுங்கோ."

அட்டையைப் பிடித்திருந்தவன் அதைக் கீழே இறக்கினான்.

"எங்கம்மா செத்து எட்டு வருசமாவுது" என்றாள்.

"தெரியாதும்மா."

"அப்ப, நான் சொன்னது உங்களுக்கு வெளங்கவே இல்லையா?"

"இல்லை."

"தமிழ்லதான சார் சொன்னேன்?"

இதற்கு என்ன பதில் இருக்கிறது? உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் குழந்தையின் தோளைத் தன் முந்தானையால் மூடினாள். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே, "குத்தட்டும்" என்றாள். "புதன்கிழமை வரச் சொல்லுங்க. போலீஸ் வேண்டாம். நானே தூக்கிட்டு வந்து காட்டுதேன்."

அம்மை குத்துவது கட்டாயம் வேண்டுமா என்று இன்றைக்குக் கேட்டாலும் நான் வேண்டும் என்றுதான் சொல்வேன். அந்தப் பையன் செத்ததும் அதற்குச் சாட்சிதான். ஆனால் ஜனங்கள் நிஜத்தைச் சொல்வதில்லை என்று இனிமேல் மேடையில் சொல்ல எனக்கு வாய் வராது. மறைத்தவர்கள் எத்தனை பேரோ, எனக்குத் தெரியாது. சொன்னவள் ஒருத்தியை எனக்குத் தெரியும்.

"புதன்கிழமை நானே டாக்டரைக் கூட்டிண்டு வரேன்" என்றேன், பரிகாரம் தேடுகிற அவசரத்தில்.

அவள் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க வராதீக சார். தமிழ் தெரிஞ்ச ஆளா யாரையாச்சும் அனுப்புங்க."

ஆறு வருஷமாக வாராவாரம் இந்தப் பத்தியைத் தமிழில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.