போனை எடுத்தது நான்

ஜார்ஜ் டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நான் பல வருஷமாகத் தாதி. யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை; எல்லாருக்கும் மிஸ்ஸிதான். பலமாக அடிபட்டு எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் எங்கள் தீவையும் அக்கரையையும் இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள்.

அன்று காலை ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அக்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து இளம் மலாய் டாக்டர் ஒருவர் பேசினார். பைராம் தோட்டத்துப் பெண்ணாம். தொழிற்சாலைக்குப் போகும்போது லோரி இடித்துவிட்டது. வயிறு வீங்கிக்கொண்டே வருகிறது, பிரஷர் இறங்குகிறது. தன்னிடம் ஆபரேஷன் செய்ய ஆள் இல்லை, அனுப்பட்டுமா என்று கேட்டார்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சர்ஜன் ஏற்றுக்கொண்டேன் என்று சொன்ன பிறகுதான் வெளி ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆளை அனுப்பலாம். அப்போது சர்ஜன் ஆபரேஷன் அறைக்குள் இருந்தார். அவர் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன், பொறுத்துக் கூப்பிடுங்கள் என்றேன். டாக்டர் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன். நடுவில் வேறொரு ஆஸ்பத்திரியைக் கேட்டாராம். ஸ்கேன் எடுத்து அனுப்பு என்றார்களாம். அவரிடம் ஸ்கேன் இயந்திரமே கிடையாது. கடைசித் தடவை பேசும்போது கெஞ்சினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் முன்னால் இன்னும் நான்கு படுக்கைகளில் ஆட்கள் கிடந்தார்கள்.

ஒருவழியாகச் சர்ஜன் சரி என்றார். ஆம்புலன்ஸ் பாலத்து நெரிசலைத் தாண்டி வந்து சேர்ந்தபோது அந்தப் பெண்ணுக்கு நினைவு இருந்தது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நான் சட்டையை வெட்டும்போது என் கையைப் பிடித்தார்.

"மிஸ்ஸி, கம்பெனிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. சொல்லாம லீவு போட்டா சூப்பர்வைசர் ஏசுவாரு."

சொல்கிறேன் என்றேன். ஆபரேஷன் அறை வாசலுக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது. தொழிற்சாலைக்கு நான்தான் போன் போட்டேன். எதைச் சொல்வது என்று தெரியாமல், இன்றைக்கு அவர் வரமாட்டார் என்று மட்டும் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அவர் புருஷன் மருத்துவ அறிக்கை வாங்க வந்தார். தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவர். அன்று ஆம்புலன்ஸ் கிளம்பும்வரை அக்கரையில் அந்த மலாய் டாக்டரின் அறைக்கு வெளியேதான் நின்றிருக்கிறார். டாக்டர் இங்கே பலமுறை போன் பண்ணியதாகச் சொன்னாரே, அது உண்மையா, யார் எடுத்தது என்று கேட்டார்.

"அப்படி ஒரு பதிவும் இல்லண்ணே," என்றேன்.

அது பொய் இல்லை. வருகிற போனையெல்லாம் நாங்கள் அப்போது எழுதி வைப்பதில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்து எங்கள் பிரிவுத் தலைவி, ஒரு சீன டாக்டர், இரண்டு கரை ஆஸ்பத்திரிகளையும் சேர்த்து ஓர் ஏற்பாடு செய்ய முனைந்தார். பலத்த காயத்துக்கென்று ஒரே போன் எண். அதற்கு அழைப்பு வந்தால் வேண்டாம் என்று யாரும் சொல்லக்கூடாது. எந்தக் காயத்தை எங்கே கொண்டுபோவது என்பதை ஆம்புலன்ஸ்காரர்களே ரோட்டில் முடிவு செய்யலாம். பழைய கேஸ் தாள்களை எடுத்து, ஆட்கள் எங்கெங்கே காத்துக் கிடந்தார்கள் என்று எழுதித் தரும்படி என்னைக் கேட்டார். அந்தப் பெண்ணின் தாள் மூன்றாவது கட்டுக்குள் இருந்தது. அதை ஒதுக்கி வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் திரும்ப எடுத்தேன்.

கூட்டத்தில் அதை வாசித்தபோது, போனை எடுத்தது நான் என்றும் சொன்னேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எலும்பு டாக்டர் ஒருவர், எல்லாரையும் வரச் சொன்னால் எங்கே படுக்க வைப்பீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நடைபாதையில் படுக்க வைப்போம், இங்கே சர்ஜனாவது இருக்கிறார் என்றார் தலைவி. அந்த ஒரு முடிவுக்கு வர இன்னும் பல கூட்டங்கள் ஆயின.

இப்போது அந்தப் போன் ஷிப்டுக்கு ஒருவர் கையில் இருக்கிறது. பிழைக்கமாட்டார்கள் என்று நினைத்த சிலர் பிழைத்திருக்கிறார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி நேராகக் கொண்டுவந்த ஒருவர் பாலத்தின் நடுவிலேயே இறந்துவிட்டார். அன்று ஆம்புலன்ஸ் ஓட்டி வந்தவர் வெகுநேரம் வண்டியை விட்டு இறங்கவில்லை.

ஏற்பாடு தொடங்கிய பிறகுதான் பைராம் தோட்டத்துக்குப் போனேன். அந்த அண்ணன் வேலை முடிந்து வீட்டில் இருந்தார். மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் குடிக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லா மிஸ்ஸி," என்றார். "உங்க ஆஸ்பத்திரியிலேருந்து நான் நேரா அந்த டாக்டர்கிட்டதான் போனேன். போனே பண்ணாம பொய் சொல்றியான்னு அந்த டாக்டர் பையன எல்லார் முன்னாடியும் அறைஞ்சிட்டேன். அவரு ஒண்ணும் பேசல. போலீசுக்கும் போகல."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அந்த டாக்டர் எங்கே என்று கேட்டேன். மாற்றலாகிப் போய்விட்டதாகக் கேள்வி, நம்பர் கிடைத்தால் தானும் அவரிடம் பேசவேண்டும் என்றார்.

விசாரித்து நம்பர் வாங்க ஒரு வாரம் ஆயிற்று. அவர் வேறு மாநிலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தார். மலாயில் மன்னிப்புக் கேட்டேன். அந்த அண்ணன் தன்னை அறைந்ததைப் பற்றி அவர் பேசவே இல்லை. அன்றைக்கு உங்களைக் கேட்காமல் ஏற்றி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். அந்தப் பெண் பிழைத்திருப்பாரா அக்கா என்று என்னைக் கேட்டார்.

தெரியவில்லை என்று சொன்னேன். இந்தத் தடவை அது நிஜம். அந்த அண்ணன் உங்களிடம் பேச விரும்புகிறார், நம்பரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். இப்போது வேண்டாம் என்றார். அதை நான் இன்னும் அந்த அண்ணனிடம் சொல்லவில்லை.