தள்ளி நின்று பார்த்த ஊர்கள்

உங்கள் இருவருக்கும் இப்படி ஊர் சுற்றும் ஆசை எங்கிருந்து வந்தது என்று கணபதியில் எங்கள் வீதிக்காரர்கள் அடிக்கடி கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. என் வீட்டுக்காரர் பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டினார், நான் வீட்டில் ஜாக்கெட் தைத்தேன். இந்தச் சம்பாத்தியத்தில் மைசூர் என்ன, கோவளம் என்ன? அவர் சிரித்துக்கொண்டே சும்மாதான் என்று சொல்லிவிடுவார். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆசையெல்லாம் இல்லை, வயிற்றெரிச்சல்தான்.

தொண்ணூற்றிரண்டில் அவருடைய அக்காவின் மகளுக்குச் சீர் வைத்தார்கள். தாராபுரத்துக்குப் பக்கத்தில், அமராவதிப் பாசனத்தில் அவர்களுக்குத் தோட்டம். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். நங்கைக்குக் கூடப்பிறந்தவர் இவர் ஒருவர்தான். பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன்தான் சீர் கொண்டுபோக வேண்டும், முதல் தட்டை மாமன் மனைவி ஏந்திக்கொண்டு பந்தலுக்குள் நுழைய வேண்டும். அந்தத் தட்டில் இருந்த ஜாக்கெட்டை நான்கு நாள் உட்கார்ந்து நானே தைத்திருந்தேன். கை ஓரத்தில் ஜரிகை வைத்து, கழுத்துக்குப் பின்னால் சின்ன முடிச்சு போட்டு, என் கல்யாண ஜாக்கெட்டைக்கூட அவ்வளவு பார்த்துப் பார்த்துத் தைக்கவில்லை.

மேளம் முன்னால் போனது. நான் பந்தல் வாசலில் கால் வைக்கும்போது நங்கை எதிரே வந்தார். சிரித்த முகமாகத்தான் வந்தார். என் கையில் இருந்த தட்டை வாங்கி, பக்கத்து வீட்டுப் பங்காளியின் மனைவியிடம் கொடுத்தார். அவளுக்கு இரண்டு பையன்கள். எனக்குக் கல்யாணமாகி நாலு வருடம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத," என்றார்.

எங்கள் ஊர் மரியாதை இருக்கிறதே, அது பொல்லாதது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். கண்ணு என்று கூப்பிட்டுக் கழுத்தை அறுத்தால் என்ன செய்வது? தள்ளி நின்றேன். நான் தைத்த ஜாக்கெட் அவள் கையில் ஊர்வலம் போனது. என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார், பார்த்துவிட்டு மேளத்துக்குப் பின்னாலேயே நடந்தார். அந்த நடைக்காக அவர் மேலும் எனக்குக் கோபம்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பல்லடம் தாண்டியதும் அவர்தான் பேசினார். இனிமேல் அவர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் நாம் ஊரிலேயே இருக்க வேண்டாம் என்றார். பந்தலில் வாயை மூடிக்கொண்டு நடந்ததற்கு அவர் எனக்குக் கட்டிய தண்டம் அது. நான் உடனே பிடித்துக்கொண்டேன். மாமன் வராத விசேஷம் என்றால் வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்பார்கள். சோறு போட்டு முடிக்கும்வரை நங்கை ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இதைவிட நல்ல பழி வேறென்ன இருக்கிறது?

முதல் வாய்ப்பு அடுத்த வருடமே வந்தது. நங்கையின் சின்னப் பையனுக்கு விஜயதசமி அன்று காது குத்து. மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். பத்திரிகை வந்ததும் இவர் தேதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "எந்த ஊருக்குப் போலாம் அம்மணி?" என்று கேட்டார். தசராவுக்கு மைசூர் என்றேன்.

சத்தியமங்கலம் போய்த் திம்பம் மலை ஏறும் சாதா பஸ்தான் எங்களுக்குக் கட்டுப்படியானது. தூக்குப்போசி நிறையப் புளிச்சோறு, ஒரு ஜமுக்காளம், மாற்றுத்துணி, அவ்வளவுதான் மூட்டை. தசரா சமயத்தில் மைசூரில் அறை கிடைக்கும் என்று நம்பிப் போனது எங்கள் வெகுளித்தனம். ஒரு சத்திரத்து வராந்தாவில் தூண் ஓரமாக இடம் கொடுத்தார்கள். ஊர்வலத்துக்குக் காலையிலேயே ரோட்டோரம் போய் இடம்பிடித்து, வெயிலில் புளிச்சோறு தின்றுகொண்டு காத்திருந்தோம். தங்க அம்பாரி சுமந்த யானை வந்தது. கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னேரம் காது குத்தி முடிச்சிருப்பாங்க," என்றார். யானை எங்களைக் கடந்து போயிற்று. அவர் நிமிர்ந்து பார்த்தபோது அதன் வால்தான் தெரிந்திருக்கும். நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அன்று மாலையே அரண்மனைப் படம் போட்ட கார்டு ஒன்று வாங்கினேன். கவருக்குள் வைக்கவில்லை, திறந்த கார்டாகவே ஸ்டாம்பு ஒட்டினேன். தபால்காரர் படிக்க வேண்டும், அவர்கள் ஊர் டீக்கடை படிக்க வேண்டும். நங்கை பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர். மகள்தான் சத்தமாகப் படித்துக் காட்டுவாள் என்று கணக்குப் போட்டேன். நங்கைக்கு வணக்கம், விசேஷம் நன்றாக நடந்திருக்கும், இங்கே யானைகளைத் தள்ளி நின்று பார்த்தோம் என்று எழுதினேன். தள்ளி நின்று என்பதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டேன்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. சித்திரையில் புதுவீட்டுக்குக் குடிபோகிறார்கள் என்றால் நாங்கள் திருச்சூர் பூரத்தில் இருந்தோம். செண்டைச் சத்தத்தில் என் நெஞ்சே அதிர்ந்தது. கார்டில், குடைகளைத் தள்ளி நின்று பார்த்தோம் என்று எழுதினேன். அவர்கள் பங்காளி வீட்டுக் கிடா வெட்டுக்கு நாங்கள் வேளாங்கண்ணித் திருவிழாவில். நங்கையின் ஓரகத்தி மகள் வளைகாப்புக்குப் பாண்டிச்சேரி. கோவளத்தில் மீன்வலை போட்டுவைக்கும் ஒரு கிடங்குக்கு மேலே அறை எடுத்தோம். வெள்ளைக்காரர்கள் குடிக்கும் கடையில் ஒரு டீக்குக்கூட எங்களுக்கு வக்கில்லை. பன்னும் வாழைப்பழமும் வாங்கி மணலில் உட்கார்ந்து தின்றோம். இவர் வேட்டியோடு கடலில் இறங்கினார், ஓர் அலை வந்து வேட்டியை உருவிக்கொண்டு போய்விட்டது. துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் நங்கையைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை. ஆனால் சாயங்காலம் ஞாபகமாகக் கார்டு வாங்கிவிட்டேன்.

ஒரு கார்டுக்கும் பதில் வரவில்லை. குத்துகிற இடத்தில் குத்துகிறது, அதனால்தான் வாயடைத்துப்போய் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஊசியில் நூல் கோர்க்கும்போதெல்லாம் அவர் முகம் எப்படிச் சுருங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். அப்படி ஒரு சுகம் அது.

தொண்ணூற்றெட்டுக் கோடையில் ஒருநாள் நங்கை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை நிறையச் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும். மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறது என்றார். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கூச்சத்தோடு கேட்டார்.

"என்னையும் ஒருக்கா கடலுக்குக் கூட்டிட்டுப் போறயா கண்ணு? பழனி மலையும் அவிநாசித் தேரும் உட்டா நான் என்னத்தைக் கண்டேன். எங்கூட்டுக்காரருக்குத் தோட்டத்த உட்டா வேற ஊரே தெரியாது."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அதைக் கருணை என்று நினைத்துவிட வேண்டாம். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னவர் தானாக நடந்து வந்து என் கைக்குள் நிற்கிறார், அந்தச் சந்தோஷம். கன்னியாகுமரிக்குப் போகலாம் நங்கை என்றேன். இவர் என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு லீவு கேட்கப் போனார்.

நாகர்கோவில் வரை ரயில், அங்கிருந்து பஸ். மதுரை தாண்டியதிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கரைக்குப் போனதும் நங்கை கடலைப் பார்த்துச் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இவர் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு மேலே உட்கார்ந்துவிட்டார். நானும் நங்கையும் இறங்கினோம். முதல் அலை காலைத் தொட்டதும் பயந்துபோய் என் கையை இறுகப் பிடித்தார். நான் கையை மெதுவாக விடுவித்தேன்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க நங்கை. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

ஆறு வருடம் காத்திருந்து சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"ஆமா கண்ணு, நீதான் கார்டுக்குக் கார்டு எழுதுவயே, தள்ளி நின்னு பாக்கோணும்னு. பக்கத்தூட்டு அம்மணிதான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டும். நாந்தான் மறந்துபோட்டேன்."

சொல்லிவிட்டுப் பத்தடி பின்னால் போய், காய்ந்த மணலில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து கடலைப் பார்த்துச் சிரித்தார்.

அவருக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. அத்தனை ஊரும் அத்தனை கார்டும் வீண். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. ஓடிப்போய் அந்தச் சீர், அந்தப் பந்தல் வாசல், அந்தத் தட்டு, அந்த ஜாக்கெட் எல்லாவற்றையும் கொட்டினேன். வேர்க்கடலை விற்கிறவர்கூட நின்று பார்த்தார். நங்கை கடைசிவரை கேட்டார். நானா அப்படிச் சொன்னேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். யாராவது பெரியவர்கள் சொல்லச் சொல்லியிருப்பார்கள், தனக்கு நினைவே இல்லை என்றார். பொய் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. என்னை வருடக்கணக்காகத் தூங்கவிடாத பேச்சு, சொன்னவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. அதற்கு அவரை அடித்திருக்கலாம் போல இருந்தது.

இவர் எழுந்து வந்தார். என்னை ஒன்றும் கேட்காமல் அக்காவின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் கூட்டிக்கொண்டு போனார். முழங்கால் தண்ணீரில் இரண்டு பேரும் வெகுநேரம் நின்றார்கள். நான் செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். திரும்பும் ரயிலில் நங்கை கண்ணயர்ந்த பிறகு அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"அந்தப் பையன் காது குத்துக்கு நான் போயிருக்கோணும் அம்மணி."

ஆவணிக் கல்யாணப் பத்திரிகை வந்தபோது எந்த ஊருக்கு என்று அவர் கேட்கவில்லை. மாமன் சீரோடு தாராபுரம் போனோம். அதே மாதிரி மேளம், அதே மாதிரி பந்தல் வாசல். முதல் தட்டு என் கையில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வழக்கம்போல முன்னால் வந்து, வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினாள். எல்லாச் சீருக்கும் அவள்தான் தட்டேந்தி என்று ஆகிப்போயிருந்தது. நங்கை இடையில் வந்து அவள் கையை மெல்ல விலக்கினார்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு. எந்தம்பி பொண்டாட்டி கொண்டுட்டு வரட்டும். மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவளுடைய பையன்கள் இரண்டு பேரும் வளர்ந்து பக்கத்திலேயே நின்றார்கள். அவளுக்காக நான் வருத்தப்பட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். படவில்லை. மணவறை வரை தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அவ்வளவு இனித்தது.

தை மாதம் ஒரு மத்தியானம் தபால்காரர் வந்தார். மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். கடலும் பாறையும் போட்ட கன்னியாகுமரிக் கார்டு. முத்து முத்தான கையெழுத்து. இத்தனை வருடமும் என் கார்டுகளை வாய்விட்டுப் படித்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரி எழுதியிருந்தாள். நங்கைக்குப் புரியாதது அவளுக்கு முதல் கார்டிலேயே புரிந்திருக்க வேண்டும்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளோடு கன்னியாகுமரி வந்திருக்கிறோம், நீங்கள் எழுதுவதைப் போலவே கடலைத் தள்ளி நின்று பார்த்தோம், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருந்தது. பிள்ளைகளோடு என்ற சொல்லுக்கு அடியில் மட்டும் ஒரு கோடு.

தபால்காரர் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கார்டைப் படித்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார்.

"சொந்தக்காரங்களுங்களா அம்மணி? நல்லா மரியாதையா எழுதியிருக்கறாங்க," என்றார்.