கொழுந்துத் தராசில் ஒரு பயணப்பெட்டி

மாலை நான்கு நாற்பது. ஓப்பநாயக்கவில் மழை விட்டிருந்தது. முதலில் கண்ணில் பட்டது நிலா. பகல் வெளிச்சத்தில் வெளிறி, முழுமைக்குச் சற்றுக் குறைவாக, றப்பர் மரங்களுக்கு மேலே நின்றது. அதன் பிறகுதான் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில், தராசுக் கொக்கியில் தொங்கிய என் மகளின் சிவப்புப் பெட்டியைப் பார்த்தேன்.

எங்கள் தோட்டத்தில் வெளிநாடு போகிறவர்களின் பெட்டியை இங்கேதான் நிறுப்பார்கள். பெண்கள் பறித்த தேயிலைக் கொழுந்தைக் கணக்கப்பிள்ளை நிறுத்து முடித்ததும் அதே வில்தராசில் பெட்டி ஏறும். பக்கத்தில் வேறு பெரிய தராசு இல்லை. மகள் மறுநாள் கட்டாருக்குப் போகிறாள், ஓர் உணவகத்தில் காசாளர் வேலைக்கு. முப்பது கிலோ கொண்டுபோகலாம். அதற்குள் சம்பல் இடிக்கும் சின்னக் கல்லுரலையும் வைத்திருந்தாள்.

"கல்லைக் கட்டிக்கிட்டு யாராச்சும் ப்ளேன் ஏறுவாங்களாடி?" என்றாள் என் மனைவி. அவள் அப்போதுதான் தன் கொழுந்தை நிறுத்துவிட்டு ஈரச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க மிக்ஸியில அடிச்ச சம்பல்தாம்மா கெடைக்கும். எனக்கு இதுல இடிச்சதுதான் வேணும்."

கணக்கப்பிள்ளை சிரித்தார். "கொழுந்துக்குள்ள கல்லு வச்சா கழிச்சிருவேன். பெட்டிக்குள்ள வச்சா என்னம்மா பண்றது?"

மகள் நிலாவைக் காட்டினாள். "இந்தத் தராச அங்க கொண்டுபோய் மாட்டுங்க. முப்பது கிலோ பெட்டி அஞ்சு கிலோதான் காட்டும்."

"அப்ப அங்கேயே வேலை தேடியிருக்கலாமே!" என்றார் கணக்கப்பிள்ளை.

மகள் சில காலம் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவள். தாய்க்கும் அதே குரலில் விளக்கினாள். தராசு காட்டுவது கீழே இழுக்கும் ஈர்ப்பை. நிலாவின் திணிவு, அதாவது அதிலுள்ள பொருளின் அளவு, மிகக் குறைவு. அதனால் அதன் தரையில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. மேலே எறிந்த கல் அங்கே அதிக உயரம் போய், மெதுவாக இறங்கும். ஆனால் கல்லின் திணிவு மாறாது. உருண்டு வரும் கல்லைத் தடுத்து நிறுத்த இங்கே வேண்டிய அதே பலம் அங்கேயும் வேண்டும்.

"மனுசருக்கும் பாரம் கொறையுமா?"

"கொறையும்மா. ஆனா ஆளு அதே ஆளுதான்."

மனைவி பெட்டியின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

தராசின் முகம் கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பியிருந்தது. "முப்பது. சரியா இருக்கு," என்றார்.

மறுநாள் விமான நிலையத் தராசு முப்பத்திரண்டு காட்டியது. இரண்டு கிலோ எடுக்கும்படி கருமபீடத்திலிருந்த பெண் சிங்களத்தில் சொன்னார். மகள் பெட்டியைத் தரையில் விரித்தாள். வேலைக்கான உடைகள், சப்பாத்து, மாசிக் கருவாடு, எங்கள் தோட்டத்துத் தேயிலை. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கல்லுரலை எடுத்துத் தாயிடம் கொடுத்தாள்.

"நெலாவா இருந்தா இதுவும் வந்திருக்கும்," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

அவள் உள்ளே போகும்போது நான் கையசைத்தேன். மனைவியின் இரண்டு கைகளும் கல்லில் இருந்தன.

கணக்கப்பிள்ளைக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வாடிவிட்டது. "கைப்பழக்கம்ங்க. மழை நாளு பாருங்க. கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரியே சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ஒரு கிலோன்னு என்னை அறியாமலே கழிச்சிட்டேன்."

கல்லுரல் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. மனைவி அதைத் துடைத்துவைப்பாள். அதில் எதையும் இடிப்பதில்லை. மகள் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போது நிலாவைக் காட்டுவாள். கட்டாரில் அது எங்களுக்குப் பிறகுதான் எழும். "சம்பல்?" என்று தாய் கேட்பாள். "மிக்ஸிதாம்மா."

போன கிழமை அடுத்த லய வரிசை வீட்டுப் பெண்ணொருத்திக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. பெட்டியில் இடமிருந்தால் கல்லுரலைக் கொண்டுபோகிறேன் என்றாள், எவ்வளவு பாரம் என்று மட்டும் கேட்டாள். மனைவி கல்லைத் துணியில் கட்டி மடுவத்துக்கு எடுத்துப்போனாள். இந்த முறை கணக்கப்பிள்ளை தராசின் முகத்தை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

முள் இரண்டு கிலோ நூறு கிராமில் நின்றது. நிலாவில் அது முந்நூற்றைம்பது கிராமில் நிற்கும்.