முன்சுவர் இல்லாத வீடு

ஜப்பான்காரன் பினாங்கை ஆண்ட காலத்தில் நான் கன்னத்தில் மொத்தம் நாலு அறை வாங்கியிருக்கிறேன். தலை சரியாகக் குனியவில்லை என்று மூன்று, அவர்களுடைய பாட்டை நடுவில் மறந்துபோனதற்கு ஒன்று. அது ஊருக்கே கிடைத்தது, அதைப் பற்றி எழுத உட்காரவில்லை. நான் அடித்த அடியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் தமிழ்ப் பள்ளி. எனக்கு இருபத்திரண்டு வயது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் என் பொறுப்பு. புத்தகம் கிடையாது, சிலேட்டு கிடையாது. காலையில் ஜப்பான் பாட்டு முடிந்ததும் இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படம் வரைய வைத்தேன். துறைமுகத்தில் எறிந்துவிட்டுப்போன காகிதங்களின் பின்பக்கம்தான் தாள். கறுப்புக்கு அடுப்புக்கரி, சிவப்புக்குச் செங்கல் தூள், ஊதாவுக்குச் செம்பருத்தி இதழைக் கசக்கித் தேய்க்க வேண்டும். தேங்காய் நாரைக் கட்டினால் தூரிகை. மரவள்ளி மாவில் பசை காய்ச்சினால் பாதியைப் பிள்ளைகளே நக்கிவிடும். அப்படிப் பசி. கத்துவேன், பிறகு இன்னும் கொஞ்சம் காய்ச்சுவேன்.

என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். வீடு வரைந்தால் முன்சுவர் போடக்கூடாது. உள்ளே யார் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று எல்லாம் தெரிய வேண்டும். வெறும் சுவரை வரைந்து என்ன கண்டது? எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. பிள்ளைகளும் கண்டதையெல்லாம் வரைந்தார்கள். அண்ணனை உதைத்த பூட்ஸ் கால், சந்தையில் கம்பத்தில் செருகியிருந்த தலை. செங்கல் தூள்தான் முதலில் தீரும்.

மாதம் ஒருமுறை ஒரு ஜப்பான் அதிகாரி பள்ளியைப் பார்க்க வருவான். அன்று வருகிறான் என்று கேள்விப்பட்டதும் பூட்ஸ் படத்தையும் தலைப் படத்தையும் கழற்றிவிட்டு, வீட்டுப் படங்களை அவசரமாகச் சுவரில் ஒட்டினேன். நடுவில் ஒட்டியது ஒரு ஆறு வயதுப் பெண்ணின் படம். நிறம் நன்றாக இருந்தது, அதனால் ஒட்டினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அவளுடைய அப்பா குண்டு விழுந்த நாளில் செத்துவிட்டதாக அவள் அம்மா எல்லா இடத்திலும் எழுதிக் கொடுத்திருந்தாள். நானே துக்கம் விசாரித்துவிட்டு வந்தவள்.

அதிகாரி அந்தப் படத்தின் முன்னால் நின்றான். வாள் உறையின் முனையால் கூரைக்குக் கீழே தட்டி, “சியாப்பா?” என்று மலாயில் கேட்டான். யார் இது என்கிறான்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். கீழே அம்மா, தொட்டிலில் தம்பி, பக்கத்தில் அவள். மேலே பரணில் மீசை வைத்த ஒரு ஆள் படுத்திருக்கிறார். அவர் பக்கத்தில் ஒரு தட்டு, தட்டில் கிழங்கு. சயாமில் ரயில் பாதை போட ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டு போன நேரம் அது. போனவர்கள் திரும்பவில்லை. ஒளிந்திருந்து அகப்பட்டவன் தலை கம்பத்துக்குப் போகும்.

செத்துப்போனவர் என்றேன். இவளுடைய அப்பா, தட்டில் இருப்பது படையல், செத்தவர்களுக்கு நாங்கள் சோறு வைத்துக் கும்பிடுவோம் என்று தெரிந்த மலாயில் உளறினேன். அவர்களும் செத்தவர்களுக்குப் படைக்கிறவர்கள்தான். அவன் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் பினாங்குப் பிள்ளைக்கு மலாய் புரியாமல் இருக்குமா? அவள் எழுந்து நின்றாள்.

“இல்ல டீச்சர், அப்பா...”

வாயிலேயே அடித்தேன். அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள், மறுபடியும் அடித்தேன். செத்தவரை வானத்தில் போடு என்றுதானே சொன்னேன் என்று அவனுக்கும் புரிய மலாயில் கத்திக்கொண்டே அடித்தேன். உதடு கிழிந்தது. ஆடிக்கொண்டிருந்த பால்பல் ஒன்று பலகைத் தரையில் விழுந்தது. அவள் கீழே விழுந்த பிறகும் என் கை நிற்கவில்லை. நடிப்பாகத்தான் ஆரம்பித்தேன். நடுவில் எங்கேயோ அது நடிப்பாக இல்லை. நான் வாங்கிய அறை, பசி, பயம் எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன முகத்தில் இறங்கியது. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

கடைசியில் அந்த அதிகாரிதான் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“சுக்குப்,” என்றான். போதும். ஊரையே அடித்தவன் என்னைப் பார்த்துப் போதும் என்றான்.

அவன் படி இறங்கிப்போனதும் படத்தைக் கிழித்துப் பசைப் பானையில் போட்டுக் கரைத்தேன். அவளைத் தூக்கி வாயைக் கழுவிவிட்டேன். அப்போது, அழுகைக்கு நடுவில், மெதுவாகச் சொன்னாள்.

“நான் யாருகிட்டயும் சொல்லல டீச்சர். வரைஞ்சேன், அவ்வளவுதான்.”

மதியம் நானே அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டு, நடந்ததைச் சொன்னேன். அவள் அம்மா பிள்ளையின் வாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அன்றே அப்பாவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவள் அதன் பிறகு பள்ளிக்கு வரவில்லை. மற்றப் பிள்ளைகளிடம் இனிமேல் முன்சுவர் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஜப்பான்காரன் போன பிறகு ஒரு நாள் அவர் பள்ளிக்கு வந்தார். மீசையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. வெயிலே படாமல் உடம்பு வெளுத்துக் கிடந்தது. நீங்க கொடுத்த உயிர் இது என்று சொல்லி என் காலில் விழப் போனார், தடுத்துவிட்டேன். அவர் முதுகுக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள், நன்றாக வளர்ந்திருந்தாள். அந்த இடத்தில் புதுப் பல் முளைத்திருக்குமே, ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. டீச்சருக்கு வணக்கம் சொல்லம்மா என்று அவர் அவளை முன்னால் இழுத்துவிட்டார்.

அவள் இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.