கச்சான் காற்றைப் பற்றிய இரண்டு வரிகள்

பல்கலைக்கழகத்தில் முதலாம் வருட மாணவர்களிடம் நான் தொண்டை வற்றக் கத்துவது ஒரு விஷயத்தைத்தான்: அடுத்தவர் சொன்னதை எடுத்தால் அவர் பெயரைப் போடுங்கள், போடாவிட்டால் அது களவு. எழுதித் தரும் ஒப்படைக்குப் பூச்சியம் விழும். பூச்சியம் விழுந்தால் அடுத்த வருடமும் என் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

போன தவணை, இறக்கக்கண்டிக் கடற்கரையிலிருந்து வரும் ஒரு மாணவியின் ஒப்படையைத் திருத்திக்கொண்டிருந்தேன். கடலில் விட்டுக் கரையிலிருந்து இழுக்கும் கரைவலையைப் பற்றி எழுதியிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் என் பேனை நின்றுவிட்டது.

‘கச்சான் கிளம்பும் முதல் நாட்களில் மேல்நீர் ஒரு பக்கமும் அடிநீர் ஒரு பக்கமும் இழுக்கும். அப்போது வலை விட்டால் மீன் சேரும் மடி சுருண்டுவிடும்.’

வேலைக்கு வந்த புதிதில் நான் எழுதிய ஆய்வறிக்கையில் உள்ள வரிகள் அவை. அறிக்கையை வாசிப்புப் பட்டியலில் சேர்த்ததும் நான்தான். என்னிடமே எடுத்து என்னிடமே நீட்டுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூச்சியத்தைப் போட்டுவிட்டு அவளை அறைக்குக் கூப்பிட்டேன்.

“என்ர அறிக்கையைப் பார்த்து எழுதினனீங்களோ?”

“ஓம் மிஸ்.”

“அப்ப ஏன் என்ர பேரைப் போடேல்ல?”

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். “அது அப்பாட கதை மிஸ். சின்னனில இருந்து கேக்கிறன். நீங்கள் எங்கட வாடிக்கு வந்து கதைச்சனீங்கள் எண்டு அப்பா சொன்னவர். எங்கட வீட்டுக் கதைக்கு வேற ஆக்களின்ர பேர் போட வேணுமெண்டு எனக்குத் தெரியாது.”

அவளை அனுப்பிவிட்டு அலுமாரியிலிருந்து அறிக்கையை எடுத்தேன். அந்த வரிகளுக்கு முன்னால் ‘பிரதேச மீனவர்களின் அனுபவப்படி’ என்று மட்டும் இருந்தது. கடற்கரைக் குடிலான அந்த வாடியில் பிய்ந்த வலையைப் பொத்திக்கொண்டே மணிக்கணக்காகக் கதைத்த ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர் தந்த பிளேன்டீயின் சூடு ஞாபகம் இருக்கிறது. பெயரைக் கேட்டேனா என்பது ஞாபகம் இல்லை.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அச்சில் இருந்ததைப் பார்த்து எழுதினாள், ஆகவே அவள் செய்தது பிழை. ஆனால் ‘சுருண்டுவிடும்’ என்பது என் சொல்லா, அவர் சொல்லா? பூச்சியம் யாருக்கு? வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு அவள்மேல் கொஞ்சம் கோபமும் மிச்சமிருந்தது, அது ஏன் என்றும் விளங்கவில்லை.

மறுநாள் அவளைக் கூப்பிட்டுப் பூச்சியத்தை வெட்டினேன்.

“திருப்பி எழுதித் தாங்கோ. அப்பாட பேர், அவர் சொன்ன திகதி, ரெண்டையும் கீழ போடுங்கோ.”

அவள் கொப்பியில் குறித்துக்கொண்டாள். பிறகு பேனையை மூடாமலே கேட்டாள்.

“உங்கட பேரும் போட வேணுமோ மிஸ்?”

முகத்தில் துளி நக்கல் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். என் பாடம்தான் அது.

“அதை அப்பாட்டக் கேட்டுப்போட்டு வந்து சொல்லுங்கோ” என்றேன்.